கீச்சிடுவது பெல்ட், பழுது வேறிடத்தில்

தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வரும் லொறி ஒன்று மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் நின்றுவிட்டால், அன்றைய நட்டத்தை யார் சுமப்பது என்ற வாக்குவாதம் மறுநாள் காலையில் தொடங்கும். "பெல்ட் அறுந்திட்டுது" என்பார் சாரதி. "போன மாதம்தானே புதுசு போட்டது" என்பார் முதலாளி. இருவர் சொல்வதும் உண்மைதான். அடிபடுவது பெரும்பாலும் சாரதி. நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசியிருப்பவருக்கு, முடியாத நடைக்குக் காசில்லை. ஏற்றிவந்தது மரக்கறியாக இல்லாமல் ஐஸ் போட்ட மீனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஏ-9 வீதியை ஒட்டிய சில கராஜ்களில் கடந்த மாதங்களில் நான் கேட்ட கதைகளில் இந்தப் பெல்ட் கதை திரும்பத் திரும்ப வந்தது. ஒரே லொறிக்கு ஒரே வருடத்தில் மூன்று, நான்கு பெல்ட்கள். ஒவ்வொரு முறையும் அறுந்த பெல்டைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதைப் போட்டு அனுப்புகிறார்கள். பெல்ட் ஏன் அறுந்தது என்று பார்க்க நேரமும் இல்லை, அதற்குக் காசு கொடுக்க ஆளும் இல்லை. அந்தக் காரணத்தை வாகனம் ஓட்டாதவருக்கும் விளங்கும்படி சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் வீதிகளில் ஓடும் டாடா லொறிகள் பலவற்றில் இருப்பது கம்மின்ஸ் பி வரிசை எஞ்சின். 6 சிலிண்டர், 5.9 லீற்றர். இந்தியாவின் ஜம்ஷெட்பூரில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு நிறுவனங்களும் கூட்டாகச் செய்துவரும் எஞ்சின் குடும்பம் அது. கெபினைச் சாய்த்துவிட்டு எஞ்சினின் முன்பக்கத்தைப் பார்த்தால், ஒரே ஒரு நீளமான கறுப்பு றப்பர்ப் பட்டி கப்பிகளுக்கு மேலும் கீழுமாக வளைந்து நெளிந்து ஓடுவது தெரியும். அந்த நெளிவுக்காகவே ஆங்கிலத்தில் அதற்குப் பாம்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். கராஜில் கேட்டால் எல்லாமே 'பேன் பெல்ட்'தான்.

கிராங்க் தண்டு சுழலும்போது இந்தப் பெல்ட் மூன்று முக்கிய வேலைகளைச் செய்கிறது. தண்ணீர்ப் பம்பைச் சுற்றுகிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள விசிறியைச் சுற்றுகிறது. பற்றரிக்கு மின்னேற்றும் அல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. ஏ.சி. பொருத்திய வாகனமென்றால் அதன் கம்பிரசரும் சேரும். இந்த எஞ்சினில் பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்பிரசர் பற்சக்கரத்தால் ஓடுவது, பெல்டால் அல்ல. ஆகவே பெல்ட் அறுந்தவுடனேயே பிரேக் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. ஸ்டியரிங் பம்பையும் பெல்டே சுற்றும் பிக்கப் வாகனங்களில், அறுந்த நொடியிலேயே ஸ்டியரிங் கல்லாக இறுகும். அதை முன்கூட்டித் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதை டைமிங் பெல்டோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பழைய டொல்பின் வான்களின் டீசல் எஞ்சினில் இருப்பது போன்ற டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே போய்விடலாம். கம்மின்ஸில் அந்த வேலையைப் பற்சக்கரங்கள் பார்க்கின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கும் பெல்ட் வெளியில் ஓடுவது. அது அறுந்தால் எஞ்சின் உடனே சாகாது. சாரதி தொடர்ந்து ஓட்டினால்தான் சாகும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முந்திய தலைமுறை லொறிகளில் இருந்தது 'வீ' வடிவ பெல்ட். அல்டர்னேட்டரின் ஆணியைத் தளர்த்தி, ஒரு கம்பியால் நெம்பி, பெல்டை இறுக்கிவிட்டு ஆணியைப் பூட்டுவார்கள். பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமிழ வேண்டும் என்பது கணக்கு. அறுந்தாலும் சமாளிக்கலாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய யாழ்ப்பாணத்தில், பழைய ரியூபை வெட்டிக் கட்டியும் கயிறு முறுக்கியும் அடுத்த ஊர்வரை போனதாக மூத்த மெக்கானிக்குகள் சொல்வார்கள். நெளிந்து ஓடும் தட்டைப் பெல்டில் அந்த வித்தை பலிக்காது. இதன் உட்பக்கத்தில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் இருக்கின்றன. கப்பியிலும் அதே அளவில் பள்ளங்கள். வரியும் பள்ளமும் கச்சிதமாகப் பொருந்தினால்தான் பிடிப்பு. வெளிப்பக்கம் வழுவழுப்பானது. அந்தப் பக்கமாகச் சில கப்பிகளை அது தொட்டுச் செல்லும். முடிச்சுப் போட்ட எதுவும் அந்தப் பாதையில் ஓடாது.

பெல்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாறும் வாய்ப்புக் குறையும். '8பிகே1420' என்று இருந்தால் 8 வரிகள், 1420 மில்லிமீற்றர் சுற்றளவு. பிகே என்பது வரியின் அளவைக் குறிக்கும். ஒரு வரிக்கும் அடுத்ததுக்கும் இடையே 3.56 மில்லிமீற்றர். 'கிட்டத்தட்டச் சரியாக வரும்' என்று கடைக்காரர் தரும் 1440ஐ வாங்கக் கூடாது. அதை மாட்டலாம், ஓடவும் செய்யும். ஆனால் இறுக்கும் கை தன் எல்லைக்கருகிலேயே எப்போதும் நிற்கும்.

அந்த இறுக்கும் கைதான் டென்ஷனர். இந்தக் கதையின் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் அதுதான் என்பது என் முடிவு. ஓர் உலோகக் கை, அதன் நுனியில் ஒரு கப்பி, அடியில் சுருள்வில். பெல்ட் தேயத் தேய, சூட்டில் நீள நீள, வில் அந்தக் கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மனிதர் யாரும் இறுக்க வேண்டியதில்லை. வில்லோடு உராய்வுத் துண்டு ஒன்றும் உள்ளே இருக்கிறது. கை துள்ளாமல் அடக்கி வைப்பது அதன் வேலை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

துள்ளல் எங்கிருந்து வருகிறது? டீசல் எஞ்சின் சீராகச் சுழல்வதுபோல நமக்குத் தெரிந்தாலும் உண்மையில் அது உதைத்து உதைத்துத்தான் சுழல்கிறது. 6 சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று வெடிப்புகள். நிமிடத்துக்கு 700 சுற்றில் லொறி சும்மா நின்று உறுமும்போது, செக்கனுக்கு 35 உதைகள். ஒவ்வோர் உதையிலும் கிராங்க் சற்று முந்தும், பின் தளரும். பாரமான அல்டர்னேட்டர் சுழலியோ அதே வேகத்தில் போகப் பார்க்கும். இடையில் இழுபடுவது பெல்ட். அந்த இழுபறியை விழுங்குவது டென்ஷனர். ஒரு மணிநேரம் ஐடிலில் நின்றால் 1,26,000 உதைகள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் வரிசையில் நிற்கும் லொறிகளை எண்ணிப் பாருங்கள். கிலோமீற்றர் மானி நகராது. டென்ஷனர் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும்.

வில் தளர்ந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடேறும். சூடேறிய றப்பர் இறுகிப் பளபளப்பாகும், இன்னும் வழுக்கும். ஒரு நாள் வரிகள் உரிந்து, நூல் வெளியே வந்து, அறும். புதிய பெல்ட் மாட்டியவுடன் சில கிழமைகளுக்குச் சத்தமில்லை, ஏனென்றால் புது றப்பருக்குப் பிடிப்பு அதிகம். 'சரியாகிவிட்டது' என்று எல்லோரும் நம்புவார்கள். வில் அதே தளர்ந்த வில்தான். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் என்னிடம் சலித்துக்கொண்டார்: "இவைக்கு பெல்ட் வாங்கக் காசிருக்கு தம்பி. டென்ஷனர் எண்டால் மட்டும் 'அடுத்த மாதம் பாப்பம்' எண்டுவினம்."

அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. டென்ஷனரின் விலை பெல்டைவிடப் பல மடங்கு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் பரவலாகத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய லொறிகளே நாட்டைச் சுமந்தன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. அதே ஆண்டு ஜூன் மாத முடிவில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா. அந்த நாட்களில் எதைத் தள்ளிப்போடலாம் என்று பார்த்துப் பார்த்து ஓட்டியவர்களின் பழக்கம் இன்னும் போகவில்லை.

சத்தத்தை வைத்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். குருவி கத்துவதுபோல விட்டுவிட்டுக் 'கீச், கீச்' என்று வந்தால் ஒன்று, நீளமாக வீறிட்டால் வேறொன்று. வீறிடல் பொதுவாக வழுக்கல். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பற்றரி நிறைய மின்னை இழுக்கும்போதும், அக்சிலேட்டரைத் திடீரென மிதிக்கும்போதும் கேட்கும். விட்டுவிட்டு வரும் கீச்சொலி பெரும்பாலும் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதன் அறிகுறி.

இதைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, தூர நின்று, ஸ்பிரே போத்தலால் பெல்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் அடங்கி, காய்ந்தபின் திரும்ப வந்தால் கப்பிகளின் வரிசை பிசகியிருக்கிறது. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. தண்ணீர் மட்டும்தான். தேங்காயெண்ணெய், சவர்க்காரம், கிறீஸ், கடையில் விற்கும் 'பெல்ட் ஸ்பிரே' எதுவும் வேண்டாம். அவை சத்தத்தை மறைக்கும். எண்ணெய் பட்ட றப்பர் ஊதி மென்மையாகும். பிறகு எந்தச் சோதனையும் உண்மை பேசாது.

கண்ணால் பார்க்கும்போதும் ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெடிப்பு இருந்தால் கெட்ட பெல்ட், இல்லாவிட்டால் நல்ல பெல்ட் என்பது பழைய வகை றப்பரின் காலத்துக் கணக்கு. குறுக்காக ஓடும் சிறு வெடிப்புகளைக் கம்மின்ஸின் பராமரிப்புக் கையேடே ஏற்றுக்கொள்கிறது. நீளவாக்கில் ஓடி அவற்றை வெட்டும் வெடிப்பும், துண்டு துண்டாக உரிந்த வரியும்தான் மாற்றவேண்டிய அடையாளம். இப்போது வரும் பெல்ட்கள் பல ஈ.பி.டி.எம். என்ற செயற்கை றப்பரில் செய்தவை. அவை எளிதில் வெடிப்பதில்லை. டயர்போலத் தேய்கின்றன. வரிகளுக்கு இடையிலான பள்ளம் அகலமாகி, பெல்ட் கப்பிக்குள் ஆழமாக இறங்கும். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், வேலைக்கு ஆகாது. புதிய பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வரிகளை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

டென்ஷனரைச் சோதிக்க இரண்டு நிலை. முதலில் எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று அதன் கையைப் பாருங்கள். மெல்லிய நடுக்கம் சாதாரணம். கண்ணுக்குத் தெளிவாக முன்னும் பின்னும் துள்ளினால் உள்ளே உராய்வுத் துண்டு முடிந்துவிட்டது. பிறகு எஞ்சினை நிறுத்தி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு வேலை தொடங்க வேண்டும். டென்ஷனரில் சதுரத் துளை ஒன்று இருக்கும். நீளமான பார் ஒன்றை அதில் கொடுத்து வில்லுக்கு எதிராகத் தள்ளினால் நல்ல எதிர்ப்போடு, ஒரே சீராக நகர வேண்டும். இடையில் சிக்கி நின்றாலோ, விட்டு விட்டு நகர்ந்தாலோ, குழந்தை தள்ளினாலும் நகரும்போல இருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. கை பக்கவாட்டில் ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது கப்பி சாய்ந்து, பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். ஓரம் நூல்நூலாகப் பிரிந்த பெல்டைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பெல்டைக் கழற்றுமுன் அது ஓடும் பாதையைக் கைபேசியில் படமெடுப்பது இப்போது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அறுந்தே போயிருந்தால் படமெடுக்க எதுவும் இராது. அதனால் நல்லாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும். வில்லைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கைக்கு எட்டும் கப்பியிலிருந்து பெல்டை நழுவவிட்டபின், பாரை மெதுவாக விட வேண்டும். படாரென விட்டால் அந்தக் கை விரலை நசுக்கும். பொறுமையிழந்து, இறுக்கத்தில் இருக்கும் பெல்டைக் கத்தியால் அறுப்பவர்களும் இருக்கிறார்கள். அதே வில், அதே விரல்.

பெல்ட் கழன்ற இந்த நேரம்தான் முக்கியம். அவசரக் கராஜ்கள் தவறவிடுவதும் இதைத்தான். ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டென்ஷனர் கப்பி கரகரத்தால் அல்லது ஒரு தட்டில் வெகுநேரம் 'விர்' என்று சுற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே கிறீஸ் காய்ந்துவிட்டது. தண்ணீர்ப் பம்பின் தண்டை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ அடியில் கூலன்ட் கசிந்த கறை இருந்தாலோ பெல்டைக் கொல்வது அந்தப் பம்ப். விசிறியின் மையத்தையும் அல்டர்னேட்டரையும் அப்படியே. கிராங்கின் முன் சீலில் ஒயில் கசிந்தால் அது நேரே பெல்டில்தான் தெறிக்கும். அல்டர்னேட்டரைப் பழுதுபார்த்தவர் வேறு வாகனத்தின் கப்பியைப் பூட்டிவிட்ட கதைகளும் உண்டு. 8 வரி பெல்டுக்கு 6 வரிக் கப்பி. இரண்டு வரி வெளியே தொங்கும்.

புதிய டென்ஷனரை மாட்டுவது கடினமில்லை. பெரும்பாலும் நடுவில் ஒரே ஆணி. பின்புறம் சிறிய முளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது எஞ்சின் பக்கமுள்ள துளையில் உட்கார்ந்த பிறகே ஆணியை இறுக்க வேண்டும். உட்காராமல் இறுக்கினால் முளை உடையும், அல்லது முழு டென்ஷனரும் கோணலாக நிற்கும். கப்பிப் பள்ளங்களில் அடைந்த மண்ணையும் றப்பர் பசையையும் உலர்ந்த கம்பித்தூரிகையால் எடுத்துவிட்டுப் பெல்டை மாட்ட வேண்டும். எல்லா வரிகளும் எல்லாப் பள்ளங்களிலும் உட்கார்ந்தனவா என்று விரலால் தடவிப் பார்த்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி பார்த்து, அதன்பின் அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு வரி தள்ளி உட்கார்ந்த பெல்ட், புதியதாக இருந்தாலும் சில நிமிடங்களில் கிழியலாம்.

பாகம் எங்கே வாங்குவது என்பது தனிப் பிரச்சினை. பஞ்சிகாவத்தையில் கிடைக்காதது இல்லை, போலி உட்பட. பெட்டியில் அச்சு நன்றாக இருக்கும். பெல்டின் முதுகில் இலக்கம் மங்கலாகவோ ஒட்டுத்தாளாகவோ இருக்கும், வரிகளின் ஆழம் ஒரே மாதிரி இராது. போலி டென்ஷனரை மேசையில் வைத்துக் கையால் அசைத்தால் வில் மட்டும் துள்ளும், அடக்கும் உராய்வு இராது. கழற்றி விற்கும் ரீகண்டிஷன் பாகங்களைப் பற்றி என் கருத்து இது: காசில்லாவிட்டால் அல்டர்னேட்டரைப் பழையதாக வாங்கலாம், டென்ஷனரை வாங்கக் கூடாது. வில் எவ்வளவு களைத்திருக்கிறது என்பது வெளியில் தெரியாது.

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக லொறியைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகுமுன் இவற்றைப் பார்ப்பது புத்திசாலித்தனம். டீசல் வாகனத்தை அங்கே அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்து உச்ச வேகத்துக்கு ஏற்றி விடுவார்கள், அதையும் பலமுறை. தளர்ந்த டென்ஷனருக்கு அதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது. 'பரிசோதனையில்தான் பெல்ட் போச்சு' என்று திட்டுபவர்கள், அது எப்போதோ போகக் காத்திருந்தது என்பதை ஏற்பதில்லை.

வீதியில் அறுந்தால் என்ன செய்வது? டாஷ்போர்ட்டில் பற்றரி விளக்கு எரிவதுதான் முதல் அறிகுறி. பல சாரதிகள் இதை 'சார்ஜ் இல்லை, வீடு போய்ப் பார்க்கலாம்' என்று விளங்கிக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான். பொறிமுறைப் பம்ப் பூட்டிய பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு அல்டர்னேட்டரை எதிர்பார்ப்பதில்லை. அதனால் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர்ப் பம்பும் விசிறியும் நின்றது தெரியாமலே. ஏற்றிய பாரத்தோடு போனால் சில நிமிடங்களில் கொதிக்கும். தண்ணீர் ஓடாதபோது வெப்பமானியின் முள்ளும் நம்பத்தக்கதல்ல. கொதித்து வெளியேறி, உணரியைத் தொடத் தண்ணீரே இல்லாவிட்டால் முள் கீழேகூட இறங்கலாம். ஹெட் காஸ்கட் எரிந்து, ஹெட் வளைந்தால் செலவு பெல்ட் டென்ஷனர் கணக்கையெல்லாம் தாண்டிவிடும். விளக்கு எரிந்தால் பாதுகாப்பான ஓரத்தில் உடனே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கெபினைச் சாய்த்துப் பார்ப்பது ஒன்றே வழி. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவில், டோர்ச் வெளிச்சத்தில், சாரத்தோடு இறங்கி, ஓடும் எஞ்சினுக்குள் தலையை நீட்டும் கிளீனர் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். சாரத்தின் நுனி பெல்டில் சிக்கினால் ஆளை இழுக்கும். ஓடும்போது பார்ப்பது எட்ட நின்று. தொடுவது அணைத்த பிறகு.

தூர ஓட்டம் போகும் லொறியில் ஒரு பெல்டும், டென்ஷனர் துளைக்குப் பொருந்தும் பாரும், பாதைப் படமும் இருந்தால் மாங்குளத்துக் காட்டுப் பாதையில்கூட அரை மணிநேர வேலைதான். மாற்றும்போது கழற்றிய பழைய பெல்ட் உரியாமல், ஒயில் படாமல் இருந்தால் அதையே கையிருப்பாக வைக்கலாம். அதை மடித்து நசுக்காமல், வளையமாகச் சுற்றி, ஆசனத்துக்குப் பின்னால் வையுங்கள். டீசல் கானுக்குப் பக்கத்தில் வேண்டாம்.